மிளகாய் மில்லும் ஊராட்சி லைசென்ஸும்: ஒரு எல்லை ஊர் அனுபவம்

2017 தை மாதம் கோயமுத்தூரில் இருந்து மிளகாய், மல்லி அரைக்கும் ஏழரை எச்.பி. மெஷின் (பல்வரைசர்) ஒன்றை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இறக்கினோம். தாலிக்கொடி தவிர என் நகை எல்லாம் அடகில் இருந்தது. அடுத்த வருடம் ஐப்பசி வரை அந்த மெஷின் ஓடியது மொத்தம் பதினொரு நாள். மீதி நாளெல்லாம் நீலத் தார்ப்பாய் போர்த்தி மூலையில் நின்றது. காலையில் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போகும்போது அந்தத் தார்ப்பாயைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போவேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது தமிழ். நான் படித்தது தமிழ் மீடியம். ரேஷன் கார்டும் வரி ரசீதும் மலையாளம். சாமான் வாங்கப் பொள்ளாச்சி, சர்ட்டிபிகேட் வாங்கச் சித்தூர் என்று இரண்டு பக்கமும் கால் வைத்துத்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது. இப்போது எனக்கு மில்லும் இருக்கிறது, மசாலாப் பொடி பாக்கெட் போடும் யூனிட்டும் இருக்கிறது, ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அயல்கூட்டம் என்கிற எங்கள் பெண்கள் சுயஉதவிக் குழுவில் இருந்து யாராவது வந்து, "அக்கா, எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்கும்போதெல்லாம் ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்லி அனுப்புகிறேன். அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன்.

என் முதல் தவறு, மெஷினை முதலில் வாங்கியது. கடன் கிடைத்துவிட்டது, விலை குறைவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டோம். அப்புறம் ஊராட்சி ஆபீசுக்குப் போனால், "கட்டட நம்பர் எங்கே?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு நம்பர் இருந்தது, அதுவும் குடியிருப்பு நம்பர். கொட்டகைக்கு நம்பரே இல்லை. நம்பர் இல்லாத இடத்துக்கு லைசென்ஸ் தர முடியாது, தொழில் மின் இணைப்பும் கிடைக்காது. வீட்டு இணைப்பில் ஓட்டினால் அது அனுமதி இல்லாத பயன்பாடு, பிடித்தால் அபராதம். ஆகவே இன்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, மெஷின் பார்க்கப் போகும் முன் கட்டட நம்பரையும் அது எந்த உபயோகத்துக்குப் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள் என்பதுதான். கொட்டகை கட்டுவதாக இருந்தால் கடைக்கால் தோண்டும் முன்பே ஊராட்சிப் பொறியியல் பிரிவில் போய்க் கேளுங்கள். கட்டிய பின் உபயோகத்தை மாற்றுவது, புதிதாகக் கட்டுவதைவிடப் பெரிய பாடு.

மின்சாரம் பற்றி ஒரே ஒரு விஷயம். தொழில் இணைப்பில் மொத்த லோடு 10 கிலோவாட்டுக்குள் இருந்தால் நிலைக்கட்டணம் இணைப்புக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் கணக்கு. ஏழரை எச்.பி. மெஷினும் ஐந்து எச்.பி. மெஷினும் சேர்ந்தால் ஏறத்தாழ 9.3 கிலோவாட். நான் இரண்டாவது மெஷின் வாங்கும்போது கடைக்காரர் ஏழரைதான் நல்லது என்று வற்புறுத்தினார். ஐந்தே போதும் என்று நின்றேன். மாதாமாதம் அதன் லாபம் தெரிகிறது.

சரி, லைசென்சுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் எல்லோரும் அதை "டி அண்டு ஓ" என்றுதான் சொல்வார்கள். ஆபத்தானதும் தொல்லை தருவதுமான தொழில்கள் என்று அர்த்தம். 1994-ஆம் ஆண்டு கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின்கீழ் 1996-ல் வந்த விதிகள். மிளகாய் அரைப்பதை ஆபத்தான தொழில் என்று பட்டியலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நம் வீட்டு அம்மிக்கல்லில் அரைப்பதைத்தானே மெஷினில் அரைக்கிறோம் என்று நினைத்தேன். அது எப்படி ஆபத்து என்று அந்த ஆனி மாதமே தெரிந்தது.

எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்றில் தென்னை மட்டை பறக்கும். லைசென்ஸ் வரட்டும் என்று காத்திருந்து பொறுமை போய், பண்டிகை வருகிறது, நாலு வீட்டுக்கு அரைத்துக் கொடுப்போம் என்று ஆனியில் மெஷினை ஓட்டத் தொடங்கினேன். பதினோராம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு கல்யாண வீட்டு மிளகாய், முப்பது கிலோ. சல்லடைக்குக் கீழே கட்டியிருந்தது ஒற்றைத் துணிப்பை, அதுவும் நெசவு இடைவெளி பெரியது. பாதி மிளகாய் அரைந்திருக்கும், கிழக்குப் பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி பூராவும் செம்பொடி. திண்ணையில் இருந்த பேரக் குழந்தை இருமி இருமி மூச்சு வாங்க முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா என்னைத் திட்டவில்லை. "கண்ணு, நீ பொழைக்க வேண்டாம்னு சொல்லல. எங்களையும் மூச்சு விட விடு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் அவர் ஊராட்சியில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் எனக்கு நோட்டீஸ் வந்தது. மெஷினை நிறுத்தினேன். ஒரு வருடம் அவரோடு நான் பேசவில்லை. இன்று யோசித்தால், அவர் செய்ததுதான் சரி. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது நான், பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சைப் பற்றி யோசிக்காததும் நான்.

ஆனால் ஊராட்சி ஆபீசில் நடந்ததைச் சரி என்று சொல்ல மாட்டேன். என்ன செய்தால் லைசென்ஸ் கிடைக்கும் என்று யாரும் சொல்லவே இல்லை. போனால் "செக்கரட்டரி இல்லை", அடுத்த முறை "ஃபைல் மேலே இருக்கிறது", அதற்கடுத்த முறை "பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்". ஒரு காகிதம் கொடுத்தால் இன்னொரு காகிதம் கேட்பார்கள். இப்படியே பதினான்கு மாதம் போனது. நடுவில் 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. அந்த நேரத்தில் எந்த ஆபீசிலும் வெள்ள வேலை தவிர வேறு வேலை நடக்கவில்லை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முந்தைய ஒரு வருடம்?

அந்த ஒரு வருடத்தில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தின் 236-ஆம் பிரிவில், லைசென்ஸ் விண்ணப்பத்தின் மீதான முடிவை 30 நாளுக்குள்ளோ, விதிகளில் சொல்லும் கூடுதல் காலத்துக்குள்ளோ தெரிவிக்காவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. இது நமக்குக் கைகொடுக்க வேண்டுமானால், எந்தத் தேதியில் கொடுத்தோம் என்பதற்குச் சாட்சி வேண்டும். நான் விண்ணப்பத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, "சரி சேச்சி, வெச்சிட்டு போங்க" என்றதை நம்பி வந்துவிட்டேன். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கவில்லை. அதனால் 30 நாள் எங்கே தொடங்கியது என்பதே எனக்குத் தெரியாது. இப்போது எந்த ஆபீசில் எந்தக் காகிதம் கொடுத்தாலும் ரசீது வாங்காமல் நான் படி இறங்குவதில்லை. எல்லாம் ஆன்லைனில் ஆன பிறகு அந்த நம்பர் தானாகவே வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் இருந்து ஊராட்சிகளிலும் கே-ஸ்மார்ட் என்ற உள்ளாட்சி ஆன்லைன் சேவைத் தளம் வந்துவிட்டது. ஆனாலும் அக்ஷயா மையத்தில் (எங்கள் பக்கத்து இ-சேவை மையம்) விண்ணப்பம் போடும்போது அந்த நம்பர் உள்ள தாளைப் பிரிண்ட் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "சேவ்" மட்டும் செய்துவிட்டு "சப்மிட்" செய்யாமல் விட்டுப்போன விண்ணப்பம் இரண்டை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு வழி திறந்தது கிராம சபையில். கேரளத்தில் ஊராட்சிகள் பெரியவை, அதனால் கிராம சபை வார்டுக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும், வார்டு மெம்பர்தான் கூட்டுபவர், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வெள்ளத்துக்குப் பிறகு நடந்த கூட்டம் பள்ளிக்கூடத்தில். அதுவரை நான் கிராம சபைக்குப் போனதெல்லாம் வீடு, ஆடு, தென்னங்கன்று பயனாளி லிஸ்டில் பேர் வருகிறதா என்று பார்க்கத்தான். அன்றைக்கு எங்கள் அயல்கூட்டத்துப் பெண்கள் பதினாறு பேரும் சேர்ந்து போனோம். இந்த அயல்கூட்டங்களை நடத்தும் கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீ 1998-ல் மலப்புறத்தில் தொடங்கியது. எங்கள் வார்டில் அது என்ன செய்தது என்று கேட்டால் நான் கடனையும் சேமிப்பையும் இரண்டாவதாகத்தான் சொல்வேன். கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் பழக்கியதுதான் முதல்.

நான் எழுந்து தமிழில் சொன்னேன். "என் மெஷின் ஓடினால் பக்கத்து வீட்டுக்குத் தூசி போகிறது, அது உண்மை. தூசி போகாமல் என்ன செய்ய வேண்டும் என்று இந்தச் சபை சொல்லட்டும், நான் செய்கிறேன். செய்த பிறகும் லைசென்ஸ் இல்லை என்றால் என்ன காரணம் என்று எழுதித் தரட்டும்." பெரியம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மெம்பர் அவரைக் கேட்டார். "பை நல்லதாக் கட்டட்டும், காத்துக் காலத்துல மிளகா அரைக்க வேண்டாம்" என்றார். ஒரு வருடமாக ஆபீசில் யாரும் கேட்காத கேள்விக்கு அவர் கொடுத்த பதில் ஒரே ஒரு வரி.

இதில் இன்னொரு பாடம் இருக்கிறது. கூட்ட மினிட்சை மலையாளத்தில் எழுதினார்கள். எனக்கு மலையாளம் வாசிக்க வரும், ஆனால் வேகமாக வராது. அதனால் வாசித்துக் காட்டச் சொன்னேன். "பரிகணிக்காம்" என்று எழுதியிருந்தது. பரிசீலிக்கலாம் என்று அர்த்தம். கூட்டத்தில் பேசியது அதுவல்ல. நிபந்தனையோடு லைசென்ஸ் தரச் சிபாரிசு செய்வது என்றுதான் எல்லோரும் கை தூக்கினார்கள். நான் கேட்ட பிறகு அடித்துத் "தீருமானிச்சு" என்று மாற்றி எழுதினார்கள். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இன்னொரு வருடம் போயிருக்கும். கிராம சபைக்குப் போனால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் விஷயத்தை மினிட்சில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

மொழி பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள மாநில அரசு ஆபீசுகளுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும், தமிழில் எழுதினால் ஃபைல் தூங்கிவிடும் என்று பயந்து யாரையாவது பிடித்து மலையாளத்தில் எழுதி வாங்குகிறார்கள். எழுதியவர் என்ன எழுதினார் என்று கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாது. நான் கடிதம் எழுதினால் தமிழில்தான் எழுதுகிறேன், கூடவே மலையாளத்தில் நாலு வரிச் சுருக்கம் ஒன்றும் வைக்கிறேன். மேசையில் இருப்பவருக்கும் அது வசதி. எனக்கும் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரியும்.

கூட்டம் முடிந்து பத்து நாளில் பொள்ளாச்சிப் பட்டறை ஒன்றில் சொல்லித் தூசிப் பை செய்தேன். கெட்டி கேன்வாஸ் இரண்டடுக்கு, ஒன்பதடி நீளம், அதைச் சுற்றித் தகர அறை, கதவு மேற்குப் பக்கம். கொட்டகையின் கிழக்குச் சுவரைக் கூரை வரை எழுப்பினேன். செலவு பதினாலாயிரத்து ஐந்நூறு. அரைப்பு நேரம் காலை பத்தில் இருந்து மாலை நாலு. ஆனி, ஆடி இரண்டு மாதமும் காற்று பலமாக இருக்கும் நாளில் மல்லி, கோதுமை, புட்டு மாவு மட்டும்தான். ஐப்பசியில் லைசென்ஸ் வந்தது. இந்தப் பதினாலாயிரத்து ஐந்நூறை மெஷின் வாங்கிய அன்றே செலவு செய்திருந்தால் அதைவிடப் பல மடங்கு வட்டி மிஞ்சியிருக்கும்.

2019-ல் சட்டம் மாறியது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான வசதிச் சட்டம் என்று ஒன்று கேரளத்தில் வந்தது. அதிகம் மாசு உண்டாக்கும் தொழில்கள் என்ற சிவப்பு வகையில் வராத தொழிலாக இருந்தால், கே-ஸ்விஃப்ட் என்ற அரசு ஆன்லைன் தளத்தில் சுய உறுதிமொழி கொடுத்து ஒப்புகைச் சான்று எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சான்று இருந்தால் ஊராட்சி லைசென்ஸ் உட்பட மாநில அனுமதிகள் இல்லாமலே மூன்று வருடம் தொழில் நடத்தலாம். 2020 கடைசியில் ரோட்டோரத்தில் ஒரு சிறிய கட்டடத்தில் பாக்கெட் யூனிட் ஆரம்பித்தபோது நான் அந்த வழியில்தான் போனேன். அக்ஷயா மையத்தில் உட்கார்ந்து விவரம் கொடுத்தேன், அன்றைக்கே சான்று கையில் வந்தது. பதினான்கு மாதம் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது கண் கலங்கியது.

ஆனால் இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் தாலுகாவில் வேறு ஒரு பேச்சும் இருந்தது. அதைச் சொல்லாமல் போவது நியாயம் இல்லை. பிளாச்சிமடா எங்களுக்குப் பக்கத்து ஊராட்சி, பெருமாட்டி. 2000-ல் அங்கே கோகோ கோலா குளிர்பான ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002-ல் ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற மயிலம்மாவை இந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. அந்த ஆலைக்கு எதிராகப் பெருமாட்டி ஊராட்சி எடுத்த ஆயுதம் எது? இதே லைசென்ஸ்தான். 2003-ல் புதுப்பித்துத் தர முடியாது என்று ஊராட்சி தீர்மானம் போட்டது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அவ்வளவு பெரிய கம்பெனியை எதிர்த்து நிற்க ஒரு கிராம ஊராட்சிக்கு இருந்தது அந்த ஒரு காகிதம். "அந்தக் காகிதத்தின் பலத்தைக் குறைத்தால் நாளைக்கு யார் கேட்பது?" என்று பெருமாட்டிப் பக்கத்துத் தோழி என்னிடம் கேட்டாள்.

என்னிடம் அதற்குப் பதில் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காகிதத்தின் இரண்டு பக்கமும் நான் நின்றிருக்கிறேன். மிளகாய்த் தூசி பறந்த அன்றைக்குப் பெரியம்மாவைக் காப்பாற்றியது ஊராட்சி அதிகாரம்தான். அது வேண்டும். ஆனால் தூசிப் பை கட்டினால் போதும் என்று சொல்ல பதினான்கு மாதம் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் யாரையும் காப்பாற்றவில்லை. பெரியம்மாவுக்கும் அந்த ஒரு வருடம் நிம்மதி இல்லை, எப்போது மறுபடி ஓட்டுவாளோ என்று. ஆலையையும் அரைப்பு மில்லையும் ஒரே விதியில் கட்டியதுதான் பிசகு. சிவப்பு வகைத் தொழில்களை விலக்கி வைத்துவிட்டு, சின்னத் தொழிலுக்கு முதலில் ஓட்டு, பிறகு வந்து பார்க்கிறோம் என்று பிரித்தது சரியான பிரிவு. 2025-ல் ஊராட்சி லைசென்ஸ் விதிகளையே திருத்தி, வீட்டின் ஒரு பகுதியில் சிறுதொழில் நடத்தவும் வழி செய்திருக்கிறார்கள். நல்லது. வந்து பார்ப்பதை மட்டும் ஊராட்சி விட்டுவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் ஆள் வந்து பார்க்க வேண்டும், என்ன மாற்ற வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். பார்க்கவே வராத ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தாலும் பழைய கதைதான்.

மூன்று வருடம் என்பது நீளமாகத் தெரியும், ஓடிவிடும். கொரோனாவில் ஒரு வருடம் போனது, சந்தை பிடிக்க ஒரு வருடம் போனது. என்னோடு சான்று எடுத்த சிலர், இனி எந்த அனுமதியும் வேண்டாம் என்றே நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. மூன்று வருடம் முடிந்து ஆறு மாதத்துக்குள் எல்லா அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். எனக்கு 2023 டிசம்பரில் முடிந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே ஒவ்வொன்றாகத் தொடங்கினேன், அப்படியும் கட்டட உபயோகம் மாற்றுவதில் ஐந்து மாதம் போனது. சான்று எடுத்த அன்றே, அது முடியும் தேதியைக் காலண்டர் அட்டையில் எழுதி மாட்டுங்கள்.

இதில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது ஒரு பையன். 2022-23-ஐக் கேரள அரசு தொழில்முனைவோர் ஆண்டு என்று அறிவித்து, ஒரே வருடத்தில் ஒரு லட்சம் புதுத் தொழில் என்று இலக்கு வைத்தது. உள்ளாட்சிகளில் படித்த இளைஞர்களை இன்டர்னாக உட்கார வைத்தார்கள். எங்கள் ஊராட்சிக்கு வந்த பையனுக்குத் தமிழும் வரும். யூனிட்டுக்கே வந்து, லேப்டாப்பைக் கொத்தமல்லி மூட்டை மேல் வைத்து, பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்துக்கு விண்ணப்பம் போட உதவினான். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய திட்டம் அது. 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம், நம் பங்கு 10 சதவீதம். நான் வறுக்கும் மெஷினுக்கும் பேக்கிங் மெஷினுக்கும் சேர்த்து நாலு லட்சத்துக்குப் போட்டேன். நாற்பதாயிரம் என் கையிலிருந்து, மீதி பேங்க். மானியம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கையில் வராது. பேங்கிலேயே தனிக் கணக்கில் இருந்து, மூன்று வருடம் தவணை ஒழுங்காகக் கட்டினால் கடனில் கழிப்பார்கள். இது தெரியாமல் மானியப் பணத்தில் கொட்டகை போடலாம் என்று திட்டம் போட்டவர்களை எனக்குத் தெரியும். முதல் பேங்க் என் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது, என் கணவர் யாருக்கோ ஜாமீன் போட்ட கடன் நிலுவையில் இருந்ததாம். விண்ணப்பத்துக்கு முன் வீட்டில் எல்லோருடைய சிபில் கணக்கையும் பார்த்துவிடுங்கள்.

சட்டமும் தளமும் திட்டமும் இருந்தன. அவற்றை என் கொட்டகை வரை கொண்டுவந்து சேர்த்தது, தமிழ் தெரிந்த ஒரு பையன் ஊராட்சி ஆபீசில் உட்கார்ந்திருந்தது. அதற்காகத்தான் அந்த இடம் நிரந்தரமாக வேண்டும் என்று கிராம சபையில் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி எல்லை. கொழிஞ்சாம்பாறையில் இருந்து கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாடு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வரிச் செக்போஸ்ட் போய்விட்டது, இனி இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று சந்தோஷப்பட்டோம். லாரி நிற்கவில்லை, உண்மை. ஆனால் கணக்கில் எல்லை அப்படியேதான் இருக்கிறது. திருச்சூருக்குச் சரக்கு அனுப்பினால் விற்றுமுதல் வரம்பு தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பொள்ளாச்சிக் கடைக்கு வரி உள்ள சரக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை, முதல் பெட்டிக்கே பதிவு வேண்டும். நான் பதிவு எடுத்தேன். கணக்குப் பார்ப்பவர், சின்ன யூனிட்தானே என்று காம்போசிஷன் முறையில், அதாவது சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரி முறையில், போட்டுவிட்டார். அந்த முறையில் இருப்பவர் மாநிலம் தாண்டிச் சரக்கு விற்கவே கூடாது. முதல் பொள்ளாச்சி ஆர்டர் வந்த பிறகுதான் இது தெரிந்தது. ஆர்டரை நிறுத்தி வைத்து, சாதாரண முறைக்கு மாறி, அப்புறம் அனுப்பினோம். அந்தக் கடைக்காரர் காத்திருந்தார், அவர் நல்ல மனசு. எல்லை ஊரில் தொழில் செய்பவர்கள் ஆடிட்டரிடம் போனதும் முதலில் சொல்ல வேண்டியது, "என் வாடிக்கையாளர் அந்தப் பக்கம் இருக்கிறார்" என்பதுதான்.

இரண்டாவது அடி லேபிளில். எங்கள் ஊர் ஆட்களுக்குப் புரியட்டும் என்று ஆசையாகத் தமிழிலும் மலையாளத்திலும் ஐயாயிரம் கவர் அச்சடித்தேன். எடை, விலை, பேக் செய்த மாதம், முகவரி, புகார் எண் எல்லாம் இருந்தது. எடையளவுச் சட்டப்படி அந்த விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கட்டாயம் இருக்க வேண்டும், மற்ற மொழி கூடுதலாகத்தான். ஐயாயிரம் கவரிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம், மூன்று ராத்திரி, ஆறு பெண்கள். எங்கள் மொழி இரண்டும் கவரில் இருந்தும் கவர் செல்லாது என்பது இன்றும் எனக்கு மனசில் முள்ளாகத்தான் இருக்கிறது. பாக்கெட் போடுபவராகப் பதிவு, தராசுக்கு வருடா வருடம் முத்திரை, உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண் பதினான்கு இலக்கம், இவை எல்லாம் முடிந்த பிறகுதான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலையில் இருந்து இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

ஊராட்சித் திட்டப் பணத்தைப் பற்றியும் கொஞ்சம். 1996-ல் கேரளத்தில், உள்ளூர் மக்களே திட்டம் போடும் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அதில் குறைந்தது 10 சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு. அந்த 10 சதவீதம் எதற்குப் போகிறது என்பது வருடத் தொடக்கத்தில், துறைவாரியாகத் திட்டம் தயாரிக்கும் ஊராட்சிப் பணிக்குழுவிலேயே முடிவாகிவிடுகிறது. கிராம சபைக்கு வரும்போது லிஸ்ட் பெரும்பாலும் தயார். ஆகவே பணிக்குழுவில் உட்காருங்கள். விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், ஆனால் பெண்கள் கொடுப்பதில்லை. நான் தொழில் பணிக்குழுவில் இருக்கிறேன். போன முறை தையல் மெஷின் விநியோகம் என்று வந்ததை, மல்லி, மிளகாய், வற்றல் காயப் போடப் பொது உலர்த்தி ஒன்று என்று மாற்ற முயன்றோம். பாதி வெற்றி. தொகை ஒதுக்கியிருக்கிறார்கள், இடம் இன்னும் முடிவாகவில்லை.

போன வாரம் அடுத்த வார்டில் இருந்து ஒரு பெண் வந்தாள். கணவர் திருப்பூரில், இரண்டு குழந்தைகள். வீட்டிலேயே அரிசி மாவு, சத்து மாவு அரைத்துக் கொடுக்க ஒரு சின்ன மெஷின் போட வேண்டுமாம். மெஷின் விலையைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள், கோயமுத்தூர் கடை, தீபாவளித் தள்ளுபடி. நான் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "உன் வீட்டுக்குக் கிழக்கே யார் இருக்காங்க?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் பெரியம்மாவும் கூட வருகிறேன் என்கிறார்.